ஓய்வுநாள் யாருக்காக? – கேள்வி பதில்

ஏழாம் நாளில் வேலை செய்யாமல் ஓய்ந்திருக்கச் சொல்லும் ஓய்வுநாள் கட்டளை, வேதாகமத்தின் பத்துக் கட்டளைகளில் ஒன்று. அதைப் பற்றி வடசென்னைச் சபைகளைச் சேர்ந்த சிலர் கேட்ட கேள்விகளுக்கு, வேதாகம வகுப்பு நடத்திவரும் மூத்த உறுப்பினர் ஒருவர் அளித்த பதில்கள்.

கட்டளையில் ஏழாம் நாள் என்றுதானே இருக்கிறது? நாம் ஞாயிற்றுக்கிழமையை ஆசரிப்பது சரியா, ஐயா? (ஆசிரியை, வியாசர்பாடி)

ஏழாம் நாள் சனிக்கிழமைதான். வெள்ளி மாலை சூரியன் மறைந்தது முதல் சனி மாலை வரை யூதர்கள் அதை ஆசரிக்கிறார்கள். கிறிஸ்தவர்களில் ஏழாம் நாள் அட்வென்டிஸ்டு சபையாரும் அவ்வாறே செய்கிறார்கள். ஆனால் இயேசு உயிர்த்தெழுந்த நாள் வாரத்தின் முதல் நாள் என்பதால், அன்று கூடி அப்பம் பிட்கும் வழக்கம் அப்போஸ்தலர் காலத்திலேயே இருந்ததை அப்போஸ்தலர் 20:7 காட்டுகிறது. ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் 321-ஆம் ஆண்டில் ஞாயிற்றுக்கிழமையை ஓய்வுநாளாக அறிவித்தார். அன்று கூடும் வழக்கத்தையே அவர்தான் தொடங்கினார் என்று சிலர் பேசுவது பொருந்தாது. நாள் குறித்து ஒருவரையொருவர் குற்றவாளியாகத் தீர்க்க வேண்டாம் என்று அப்போஸ்தலன் பவுல் ரோமர் 14-இல் எழுதியபின், இதில் சண்டைக்கு இடமில்லை என்பதே என் கருத்து.

காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்து விற்கிறேன். ஞாயிறு விடியற்காலையில்தான் கூட்டமே வரும். அன்று கடை போடாவிட்டால் வாங்கிய கடனுக்கு வட்டிகூடக் கட்ட முடியாது. நான் செய்வது பாவமா, ஐயா?

இல்லை, அம்மா. முதல் கிறிஸ்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறையே கிடையாது. அவர்களில் அடிமைகளும் கூலிக்காரர்களும் இருந்தார்கள். எஜமான் அழைத்தால் போயே தீர வேண்டியவர்கள். ஏறத்தாழ 112-ஆம் ஆண்டில் பித்தினியா மாகாண ஆளுநர் பிளினி பேரரசருக்கு எழுதிய கடிதத்தில், கிறிஸ்தவர்கள் குறிப்பிட்ட ஒரு நாளில் பொழுது விடியும் முன்பே கூடிக் கிறிஸ்துவைப் பாடுகிறார்கள் என்று தெரிவிக்கிறார். துரோவா பட்டணத்திலோ பவுலின் பிரசங்கம் நடுராத்திரி வரை நீண்டு, ஜன்னலில் உட்கார்ந்திருந்த ஐத்திகு என்ற வாலிபன் தூங்கிக் கீழே விழுந்தான். (நீண்ட பிரசங்கத்தில் கண்ணயர்கிறவர்களைக் கடிந்துகொள்ளும் போதகர்கள் அந்தப் பகுதியை மறுபடி வாசிக்கலாம்.) ஆகவே மாலை ஆராதனைக்குப் போங்கள், நீங்கள் கத்தோலிக்கர் என்றால், சனிக்கிழமை மாலைத் திருப்பலியே ஞாயிற்றுக் கடமையை நிறைவேற்றிவிடும்.

ஆனால் ஆராதனை வேறு, ஓய்வு வேறு. வியாபாரம் மந்தமாக இருக்கும் ஒரு கிழமையைத் தேர்ந்து, அன்று கூடையைத் தொடாதீர்கள். மீன்பிடித் தடைக்காலத்தின் 61 நாட்களை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். வருமானம் நின்றுபோன கவலையில் கழியும் நாள் ஓய்வாகாது.

கொடுங்கையூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். ஞாயிறன்று நான் ஆலயத்துக்குப் போய்விடுவேன். அவசர ஆர்டர் இருந்தால் வடமாநிலப் பையன்கள் வேலை பார்ப்பார்கள். அவர்கள் கிறிஸ்தவர்களும் அல்ல, இரட்டைக் கூலியும் தருகிறேன். இது தவறா?

தவறுதான், சகோதரரே. இந்தக் கட்டளை முதலில் பேசுவதே உங்களைப் போன்றவரிடம்தான், அதாவது பிறருக்கு வேலை கொடுக்கவும் நிறுத்தவும் அதிகாரம் உள்ளவரிடம். வேதாகமத்தில் இந்தக் கட்டளை இரண்டு இடங்களில் வருகிறது. யாத்திராகமம் 20-இல் ஓய்வுக்குக் காரணம் படைப்பு. உபாகமம் 5-இல் காரணம் எகிப்து. நீயும் அங்கே அடிமையாக இருந்தாய், ஆகையால் உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப் போலவே இளைப்பாறட்டும் என்கிறது அது. மாட்டையும் கழுதையையும் சொல்லி, உன் வாசல்களில் இருக்கிற அந்நியனையும் சேர்க்கிறது. அந்த அந்நியன் இஸ்ரவேலனாக இருக்க வேண்டும் என்று எங்கும் சொல்லப்படவில்லை. ஊரைவிட்டு வந்து உங்கள் பட்டறையின் மேல்மாடியிலேயே படுத்துறங்கும் பையன் வேறு யார்?

நம் பகுதிக்கு இது புதிய பாடமல்ல. பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்கள் 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டியபோது, நின்று சாப்பிடவும் போதாத மதிய இடைவேளை அவர்களுடைய குறைகளில் ஒன்று. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமும், வார விடுமுறையில் வேலை வாங்கினால் அதற்கு முன்னோ பின்னோ உள்ள மூன்று நாட்களுக்குள் ஒரு முழுநாள் விடுப்புத் தர வேண்டும் என்று வகுத்தது. இரட்டைக் கூலி அந்த விடுப்புக்கு ஈடாகாது. ஆர்டரைத் தள்ளவே முடியாவிட்டால் செவ்வாய்க்கிழமை பட்டறையை மூடுங்கள், அன்றைய கூலியைப் பிடிக்காமல்.

ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் விளையாடலாமா? (கல்லூரி மாணவர், தண்டையார்பேட்டை)

விளையாடுங்கள், தம்பி. ஆராதனை முடிந்து வந்து விளையாடுங்கள்.

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஞாயிறு ஓய்வு, எனக்கு மட்டும்தான் இரட்டை வேலை. கறி, குழம்பு, விருந்தாளி, பாத்திரம். எனக்கு ஓய்வுநாள் எது? (இல்லத்தரசி, இராயபுரம்)

உங்கள் கேள்வியை உங்கள் வீட்டு ஆண்கள் கேட்டிருக்க வேண்டும், அம்மா. கட்டளை மகனையும் மகளையும் வேலைக்காரரையும் தனித்தனியே சொல்கிறது. மனைவியைத் தனியே குறிப்பிடாததற்குக் காரணம், ‘நீ’ என்பதில் அவளும் அடக்கம் என்பதே என்று கொள்கிறேன். எகிப்தைவிட்டு வந்த இஸ்ரவேலருக்கு வனாந்தரத்தில் தேவன் கொடுத்த உணவாகிய மன்னா, ஆறாம் நாளில் இரண்டு பங்காக விழுந்தது. ஏழாம் நாளுக்கு வேண்டியதை முந்தின நாளே சமைத்து வைத்தார்கள். சனிக்கிழமை வைத்த மீன்குழம்பு மறுநாள் இன்னும் ருசிக்கும் என்பது இராயபுரத்தில் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சோறு வடிப்பதை உங்கள் கணவரும், பாத்திரம் துலக்குவதைப் பிள்ளைகளும் ஏற்கட்டும். மறுத்தால் இந்தப் பதிலை அவர்களிடம் கொடுத்து, உரக்க வாசிக்கச் சொல்லுங்கள்.