ஆன்லைனில் ஆங்கிலம் சொல்லித்தர எதை வாங்குவது? முதலில் ஒரு ஒயர் ஹெட்செட்

கேள்வி: எம்.ஏ. ஆங்கிலம் முடித்து, தனியார் பள்ளியில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். குழந்தை பிறந்த பிறகு போக முடியவில்லை. நாமக்கல்லில் இருக்கிறேன். வீட்டிலிருந்தே பெரியவர்களுக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் எடுக்க ஆசை. துபாயில் இருக்கும் உறவினர், தன் ரூம்மேட்கள் மூன்று பேர் சேரத் தயார் என்கிறார். ‘ஆன்லைன் டீச்சருக்குத் தேவையான 25 ஆப்கள்’ என்று ஒரு பட்டியலைப் பார்த்ததில் இருந்து தலை சுற்றுகிறது. பழைய லேப்டாப், ஆண்ட்ராய்டு போன், செலவழிக்க ரூ.10,000 இருக்கிறது. எதை வாங்கலாம், எதை விடலாம்?

பதில்: முதலில் அந்தப் பட்டியலை மூடிவிடுங்கள். நானும் ஆரம்பத்தில் இப்படி ஒன்றைப் பார்த்துப் பதினோரு ஆப்களில் கணக்குத் திறந்தவன்தான். இன்றைக்குத் தினமும் திறப்பது மூன்றே மூன்று: வீடியோ அழைப்புக்கு ஒன்று, எழுத ஒன்று, அப்புறம் வாட்ஸ்அப். நீங்கள் எந்த ஆப் வைத்திருக்கிறீர்கள் என்பது மாணவர் கண்ணில் படுவதே இல்லை. உங்கள் குரல் தெளிவாகக் கேட்கிறதா, போன வாரம் அவர் செய்த தவறு இந்த வாரம் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா, இந்த இரண்டையும்தான் அவர் பார்ப்பார். பணமும் நேரமும் இந்த இரண்டுக்குப் போகட்டும்.

குரலில் இருந்து தொடங்குவோம். உங்களிடம் புளூடூத் இயர்பட்ஸ் இருந்தால் அதைப் பாட்டுக் கேட்க வைத்துக்கொள்ளுங்கள், வகுப்புக்கு வேண்டாம். பாட்டுக்கு அருமையாக இருக்கும் அதே இயர்பட்ஸ், மைக் வேலை செய்ய ஆரம்பித்ததும் பழைய டெலிபோன் தரத்துக்கு இறங்கிவிடும். புளூடூத்தில் பாட்டுக்கு ஒரு வழி, பேச்சுக்கு வேறு வழி. பெரும்பாலான கருவிகள் பேச்சு வழியில் உங்கள் குரலை விநாடிக்கு 8,000 அல்லது 16,000 முறைதான் அளந்து அனுப்பும். 8,000 என்றால், அதில் பாதியான 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள ஒலி மறுமுனைக்குப் போய்ச்சேரவே சேராது. ஆங்கிலத்தில் ‘ஸ’, ‘ஃப’ போன்ற காற்றொலிகளைப் பிரித்துக் காட்டும் தகவல் பெரும்பாலும் அந்த மேல்பகுதியில்தான் இருக்கிறது. ‘சிங்க்’, ‘திங்க்’ வேறுபாட்டை நீங்கள் பத்து முறை சொன்னாலும் அவருக்கு ஒரே மாதிரி கேட்கும். அவர் காது சரியில்லை என்று நீங்களும், தனக்கு ஆங்கிலம் வராது என்று அவரும் நினைத்துக்கொள்வீர்கள்.

ஆகவே வாய்க்கு அருகே மைக் நீட்டிக்கொண்டிருக்கும் ஒயர் ஹெட்செட், யூஎஸ்பி பிளக் உள்ளது, ஒன்று வாங்குங்கள். ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்குள் நல்லதே கிடைக்கும். மேஜை மேல் வைக்கும் பெரிய மைக் வேண்டாம். அது ஃபேன் சத்தத்தையும் பக்கத்து வீட்டு மிக்ஸியையும் சேர்த்துப் பிடிக்கும். வெறும் சுவர் உள்ள அறையைவிட, துணி பீரோவும் திரைச்சீலையும் இருக்கும் படுக்கையறையில் எதிரொலி குறைவு. வெப்கேம் வாங்காதீர்கள். ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தால் லேப்டாப் கேமராவே போதும். இரவு வகுப்புக்கு ஒரு டேபிள் லேம்ப்பைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வையுங்கள், முகத்தில் வெளிச்சம் மென்மையாக விழும்.

அடுத்த செலவு மின்தடைக்கு. மாதாந்திரப் பராமரிப்பு என்றால் முன்னாலேயே அறிவிப்பு வந்துவிடும், அந்த நாளை விட்டுவிடலாம். சொல்லாமல் போகும் பத்து நிமிடம்தான் தொல்லை. லேப்டாப்பில் பேட்டரி இருக்கும், ரவுட்டர் அணைந்துவிடும். இதற்கென்றே ‘ரவுட்டர் யூபிஎஸ்’ என்று கையடக்கப் பெட்டி விற்கிறார்கள். வாங்கும் முன் ரவுட்டர் அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பொருந்துவதாக எடுங்கள். ஃபைபர் இணைப்பில் சிலர் வீட்டில் சுவரில் இன்னொரு சின்னப் பெட்டி தனியாக மின்சாரம் எடுக்கும், அதற்கும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நான் அதைக் கவனிக்காமல் வாங்கி, ஒரு புது மாணவரின் முதல் வகுப்பில் ரவுட்டர் மட்டும் ஜம்மென்று எரிய, இன்டர்நெட் இல்லாமல் உட்கார்ந்திருந்தேன். லேப்டாப்பையும் ரவுட்டரையும் வைஃபையில் விடாமல் லேன் கேபிளால் இணைத்துவிடுங்கள். செலவு சில நூறு ரூபாய், பாதி வகுப்பில் குரல் வெட்டுவது பெரும்பாலும் நின்றுவிடும்.

இனி வீடியோ அழைப்பு. ஸூமின் இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் வகுப்பு முடிந்துவிடும், ஒருவருக்கு ஒருவர் பேசினாலும்தான். கூகுள் மீட்டில் இரண்டு பேர் என்றால் 24 மணி நேரம் வரை பேசலாம். மூன்று பேரோ அதற்கு மேலோ என்றால் 60 நிமிடம். ஆரம்பத்துக்கு மீட் போதும். துபாய்க்காரர்களிடம் வாட்ஸ்அப் காலில் வகுப்பு எடுக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்பு வேலை செய்யாது, மெசேஜும் வாய்ஸ் மெசேஜும் போகும். ஸூம், டீம்ஸ் அங்கே ஓடும். உங்கள் உறவினரை வைத்து முதலில் மீட்டை ஒரு முறை சோதித்துப் பாருங்கள், தகராறு செய்தால் ஸூமுக்கு மாறிக்கொள்ளலாம்.

மூன்று ரூம்மேட்கள் என்றதும் இன்னொன்று தோன்றுகிறது. ஒரே அறையில் மூன்று போனில் மூன்று பேரும் நுழைந்தால், ஒருவர் ஸ்பீக்கரை மற்றவர் மைக் பிடித்துக் கூச்சலாகிவிடும். ஆளுக்கொரு ஒயர் இயர்போன் கட்டாயம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். பேசாதவர் மைக்கை அணைத்து வைக்க வேண்டும். இல்லையென்றால் மூவரும் ஒரே போன் முன்னால் உட்காரட்டும். கூகுளைப் பொறுத்தவரை அது இரண்டு பேர் அழைப்புதான், 60 நிமிட எல்லையும் கிடையாது! ஆனால் கூச்சப்படுகிறவர் பின்னால் ஒளிந்துகொள்வார். அதனால் எனக்கு முதல் வழிதான் பிடிக்கும்.

இப்போது, என் கணக்கில் மற்ற எல்லாக் கருவியையும் சேர்த்து வைத்தாலும் அவற்றைவிட முக்கியமான ஒன்று: ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு கூகுள் டாக்ஸ் கோப்பு. ஒரே கோப்பு, ஆரம்பத்திலிருந்து கடைசி வரை. வகுப்பு தொடங்கும்போது மேலே தேதியைப் போட்டு, கீழே இரண்டு கட்டம் உள்ள அட்டவணை. இடது பக்கம் ‘நீங்கள் சொன்னது’, வலது பக்கம் ‘சொல்ல வேண்டியது’. அவர் பேசும்போது குறுக்கே விழுந்து திருத்தாதீர்கள். பள்ளியில் பழகிய பழக்கம் அது, விடக் கஷ்டமாகத்தான் இருக்கும். ‘ஐ ஆம் ஹேவிங் டூ சிஸ்டர்ஸ்’ என்றால் சத்தமில்லாமல் இடது கட்டத்தில் தட்டிவிடுங்கள். ‘டிடின்ட் வென்ட்’, ‘டிஸ்கஸ் அபௌட்’ எல்லாம் அப்படியே அங்கே சேரும். கடைசிப் பத்து நிமிடத்தில் வலது கட்டத்தை அவரையே நிரப்பச் சொல்லுங்கள். பாதிக்கு மேல் அவரே சரியாகச் சொல்லிவிடுவார். விதி தெரியாமல் தவறு செய்கிறவர்கள் குறைவு. வாய் பழகாமல் செய்கிறவர்கள்தான் அதிகம்.

அடுத்த வகுப்பின் முதல் ஐந்து நிமிடம் அதே அட்டவணையில் வலது கட்டத்தை மறைத்து வைத்துக் கேள்வி. இந்த ஐந்து நிமிடத்துக்காகவே என்னிடம் இருந்தவர்கள் உண்டு. கோப்பைப் பகிரும்போது அவருக்கும் திருத்தும் உரிமை கொடுங்கள். தவறுதலாக எதையாவது அழித்தாலும் பழைய பதிப்பை மீட்கும் வசதி அதிலேயே இருக்கிறது.

கொஞ்சம் ஆர்வம் உள்ளவர் என்றால் அந்த அட்டவணையையே ‘அன்கி’ அட்டைகளாக மாற்றிக் கொடுக்கலாம். மறக்கப்போகும் நேரம் பார்த்து அட்டையைத் திரும்பக் காட்டும் செயலி அது. ஆண்ட்ராய்டில் இலவசம், ஐபோன் செயலிக்குத்தான் காசு. எல்லாருக்கும் திணிக்க வேண்டாம். பன்னிரண்டு மணி நேர டியூட்டி பார்த்துவிட்டு வருகிறவர் அட்டை புரட்ட மாட்டார்.

உச்சரிப்புக்கு ‘யூகிளிஷ்’ என்று ஒரு தளம். ஒரு சொல்லைத் தட்டினால், யூடியூப் வீடியோக்களில் யார் யார் அதை உச்சரித்தார்களோ அந்த இடங்களையே வரிசையாகப் போட்டுக் காட்டும், அமெரிக்க, பிரிட்டிஷ் உச்சரிப்பைப் பிரித்தும் கேட்கலாம். தமிழர்களுக்கு இது ரொம்பவே உதவும். ‘பின்’ என்று தமிழில் எழுதினால் அது குண்டூசியா, குப்பைத்தொட்டியா? நம் எழுத்து அதைச் சொல்லாது. ஆங்கிலச் சொற்களைத் தமிழில் எழுதி மனப்பாடம் செய்தவர்களுக்குக் காதிலும் அந்த இரண்டும் ஒன்றாகிப்போயிருக்கும். மீட்டில் இருக்கும் ஆங்கில வசன வரியை ஓடவிட்டும் விளையாடலாம். அவர் சொன்னது திரையில் வேறு சொல்லாக வந்தால் சிரித்துக்கொண்டே திருத்திக்கொள்வார். ஆனால் இயந்திரம் தவறாகக் கேட்பதும் உண்டு, அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

சேர்க்கும்போது நிலை பார்க்க ஏ1-இலிருந்து சி2 வரை ஆறு படிகள் உள்ள ஐரோப்பிய அளவுகோலைத்தான் உலகம் முழுக்கச் சொல்கிறார்கள். 2001-இல் வெளிவந்தது. கேம்பிரிட்ஜ் தளத்தில் இலவசமாகவே சின்னத் தேர்வு இருக்கிறது. ஆனால் நம் ஊர்ப் பட்டதாரிகள் இலக்கணக் கேள்விகளில் பி1 எடுத்துவிட்டு, ‘நேற்று என்ன செய்தீர்கள்’ என்றால் திக்கி நிற்பார்கள். நான் செய்வது இதுதான்: வாட்ஸ்அப்பில் ஒரு நிமிட வாய்ஸ் மெசேஜ் கேட்பேன், எழுதி வைத்துப் படிக்கக் கூடாது என்று சொல்லி. அதைப் பத்திரமாக எடுத்து வைத்து, மூன்று மாதம் கழித்து அதே கேள்விக்குப் புது மெசேஜ் வாங்கி, இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டுவேன். கட்டணத்தைப் புதுப்பிக்கச் சொல்லி வாய் திறந்து கேட்க வேண்டிய அவசியம் வராது.

பாடப்பொருளுக்கு பிரிட்டிஷ் கவுன்சிலின் ‘டீச்சிங் இங்கிலீஷ்’, பிபிசியின் ‘லேர்னிங் இங்கிலீஷ்’ இரண்டும் இலவசம், தரமானவை. டெலிகிராமில் சுற்றும் திருட்டு பிடிஎஃப் பாடநூல்கள் வேண்டாம். ஏஐ செயலிகளில், ‘துபாய் ஏசி மெக்கானிக் தன் சூப்பர்வைசரிடம் லீவு கேட்கும் உரையாடல், ஏ2 நிலையில்’ என்று கேட்டு வாங்கலாம், நிமிடத்தில் வரும். விடைக்குறிப்பை மட்டும் நீங்களே ஒரு முறை போட்டுப் பாருங்கள்.

ஒயிட்போர்டு ஆப் எதற்கும் பணம் கட்டாதீர்கள். இலவசம் என்று நம்பி எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டவும் வேண்டாம். கூகுளின் ஜாம்போர்டு 2024 டிசம்பர் 31-இல் மூடப்பட்டது, ஸ்கைப் 2025 மே மாதம் போனது. மாதம் ஒரு முறை மாணவர் கோப்புகளை லேப்டாப்பில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நேரம், பணம் இரண்டையும் இப்போதே பேசிவிடுங்கள். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். அவர்கள் டியூட்டி முடித்துச் சாப்பிட்டு 9 மணிக்கு உட்கார்ந்தால் உங்களுக்கு இரவு 10.30, கையில் குழந்தை. லீவு நாள் எது என்று கேட்டு, அன்று காலையில் ஒரு வகுப்பாவது போட்டுக்கொள்ளுங்கள். கூகுள் காலண்டரில் அழைப்பு அனுப்பினால் அவரவர் நாட்டு நேரத்தில் தெரியும், குழப்பம் வராது. கட்டணம் நான்கு வகுப்புக்கு முன்பணம். சொந்தக்காரரின் ரூம்மேட் என்றாலும்தான், சொந்தக்காரரின் ரூம்மேட் என்பதாலேயும்தான். அவர்களுக்கு இந்திய வங்கியில் என்ஆர்இ அல்லது என்ஆர்ஓ (வெளிநாட்டில் வாழும் இந்தியர்களுக்கான) கணக்கு இருந்தால் அமீரக எண்ணிலேயே யூபிஐ வைத்துக்கொள்ள 2023 முதல் வழி இருக்கிறது, வங்கியில் கேட்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஊரில் இருக்கும் அண்ணனோ மனைவியோ ஜிபேயில் போட்டுவிடுவார்கள். பேபால் இந்தியாவுக்குள் பணம் அனுப்பும் சேவையை 2021 ஏப்ரலில் நிறுத்திவிட்டது, வெளிநாட்டுப் பணத்துக்கு மட்டும் உதவும். ஜிஎஸ்டி பற்றி இப்போதைக்குக் கவலை வேண்டாம், வருட வரவு ரூ.20 லட்சத்தைத் தாண்டினால் பார்க்கலாம். தனி வங்கிக் கணக்கு ஒன்று மட்டும் திறந்துவிடுங்கள்.

மாணவரைத் தேடித் தரும் பிரெப்ளி போன்ற தளங்களில் சேரலாமா என்று அடுத்து யோசிப்பீர்கள். அங்கே முதல் சோதனை வகுப்பின் பணம் முழுவதும் தளத்துக்கு. பிறகு 33 சதவீதக் கமிஷனில் தொடங்கி, நீங்கள் எடுத்த வகுப்பு நேரம் ஏற ஏற 18 வரை குறையும். ஆள் பிடித்துத் தருவதற்கான கூலி அது, தவறில்லை. ஆனால் கையில் மூன்று பேர் தயாராக இருக்கும்போது அங்கே போக என்ன அவசரம்?

கடைசியாக, லேப்டாப் பழசு என்றீர்கள். மீட், ஒரு கூகுள் டாக்ஸ், இரண்டையும் மட்டும் திறந்து வைத்து ஒரு மணி நேரம் உறவினரோடு பேசிப் பாருங்கள். திணறினால், உள்ளே சுழலும் ஹார்டு டிஸ்க்தானா என்று கடையில் பார்க்கச் சொல்லி, அதற்குப் பதில் வேகமான எஸ்எஸ்டி போடுங்கள், ரேம் 4 ஜிபி என்றால் 8 ஆக்குங்கள். ஹெட்செட், ரவுட்டர் யூபிஎஸ், கேபிள் போக மிச்சமிருக்கும் பணத்தில் எஸ்எஸ்டி-யாவது அடங்கிவிடும். திணறவில்லை என்றால் மிச்சத்தைத் தொடாதீர்கள்.