வளவு முழுக்க வைஃபை எட்ட வேண்டுமானால்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விடயத்தைச் சுற்றியே இருக்கின்றன. வீடு சின்னது, காணி பெரியது, வைஃபை கிணற்றடியோடு நின்று விடுகிறது. அதனால் பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கி விட்டேன்.

கேள்வி: வட்டக்கச்சியில் இருக்கிறோம். வீட்டுத்திட்டத்தில் கட்டிய சின்ன வீடு, ஆனால் காணி முக்கால் ஏக்கர். பைபர் இணைப்பு எடுத்து ரவுட்டரை முன் அறையில் வைத்திருக்கிறோம். பின் வளவில் கோழிக்கூடும் ஒரு கொட்டிலும், வீட்டிலிருந்து இருநூறு அடி இருக்கும். அங்கே ஒரு கமரா பூட்ட வேண்டும், பகலில் நானும் அங்கேதான் நிற்பேன். கடையில் ஆறு அன்ரெனா வைத்த நெடுந்தூர ரவுட்டர் ஒன்றைக் காட்டி, வளவு முழுக்க அடிக்கும் என்கிறார்கள். வாங்கலாமா?

வாங்க வேண்டாம். அந்தக் காசை வைத்து இதைவிட நன்றாகச் செய்யலாம், எப்படி என்று சொல்கிறேன்.

வைஃபை ஒருவழிப் பேச்சு இல்லை. ரவுட்டர் போனுக்கு அனுப்ப வேண்டும், போனும் ரவுட்டருக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். கோயில் லவுட்ஸ்பீக்கர் ஊர் முழுக்கக் கேட்கும், ஆனால் நீங்கள் உங்கள் விறாந்தையில் இருந்து சொல்லும் பதில் கோயிலுக்குக் கேட்காது. அதே கதைதான். ரவுட்டர் எவ்வளவு பலமாக அனுப்பினாலும் உங்கள் கையில் இருப்பது சின்ன பற்றரியும் விரல் நீள அன்ரெனாவும் உள்ள போன், அதன் குரல் அவ்வளவுதான். சிக்னல் கோடுகள் முழுதாக நிற்கும், பக்கம் மட்டும் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும், பார்த்திருப்பீர்கள். பல நேரம் காரணம் இதுதான். அதோடு எந்தக் கம்பனி ரவுட்டரும் எவ்வளவு சக்தியில் அனுப்பலாம் என்பதற்கு நாட்டுக்கு நாடு சட்ட வரம்பு இருக்கிறது, ஆகவே மலிவான பெட்டிக்கும் விலை கூடிய பெட்டிக்கும் அந்த விடயத்தில் கடைக்காரர் சொல்லும் அளவுக்கு வித்தியாசம் கிடையாது. இன்னொரு கணக்கும் பாருங்கள்: தடையே இல்லாத வெளியில் கூட, எட்டும் தூரத்தை இரண்டு மடங்காக்க வேண்டுமானால் சக்தியை நான்கு மடங்காக்க வேண்டும்.

ஆறு அன்ரெனா என்பதும் ஆறு மடங்கு தூரம் என்று ஆகாது. பல அன்ரெனா வைப்பது முக்கியமாக ஒரே நேரத்தில் பல தரவு ஓட்டங்களை அனுப்ப, அதாவது வேகத்துக்கு. தூரத்துக்குப் பார்க்க வேண்டியது அன்ரெனாவின் டிபிஐ (dBi) அளவு, அதாவது சக்தியை ஒரு திசையில் எவ்வளவு குவிக்கிறது என்பது. அன்ரெனா புதிதாகச் சக்தியை உண்டாக்காது, இருக்கிற சக்தியை ஒரு பக்கமாகத் திருப்பி விடும், ஆனால் அந்த நன்மை அனுப்பும்போதும் கேட்கும்போதும் இரண்டு பக்கமும் கிடைக்கும். அதனால்தான் ஒரே திசையைப் பார்க்கும் அன்ரெனா வைத்த கருவிகள் கிலோமீற்றர் கணக்கில் வேலை செய்கின்றன, எல்லாப் பக்கமும் பரப்பும் வீட்டு ரவுட்டர் வேலியோடு நிற்கிறது.

உங்கள் வளவில் குறுக்கே என்ன நிற்கிறது என்றும் யோசியுங்கள். சீமெந்துக்கல் சுவர் ஒன்றைத் தாண்டலாம், இரண்டாவதில் நன்றாகக் குறையும், கம்பி போட்ட கொங்கிறீட்டில் இன்னும் மோசம். தகரம் சிக்னலைத் திருப்பி எறிந்து விடும், எனவே தகரம் அடித்த கொட்டிலுக்குள் இருந்துகொண்டு வீட்டு வைஃபையைத் தேடுவதில் அர்த்தமில்லை. தண்ணீர் உறிஞ்சும்: தண்ணீர்த் தாங்கி, வாழை, மழையில் நனைந்த பச்சை இலை எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். கோடையில் எட்டிய சிக்னல் மாரியில் எட்டவில்லை என்று பலர் எழுதுகிறீர்கள். பெட்டி பழுதாகிவிட்டது என்று நினைக்கும் முன், இடையில் வாழை வளர்ந்திருக்கிறதா என்று ஒருக்கால் பாருங்கள்.

சரி, செய்ய வேண்டியது என்ன? இணையத்தை வயரிலோ, நேருக்கு நேர் பார்க்கும் இரண்டு வைஃபை கருவிகளால் பாலம் போட்டோ கொட்டில் வரைக்கும் கொண்டு போய், அங்கே இன்னொரு சின்ன ரவுட்டரை வைப்பது. இருநூறு அடி என்றால் ஏறக்குறைய 60 மீற்றர். லேன் கேபிளுக்கு வரம்பு 100 மீற்றர், ஆகவே தாராளமாகப் போகும். வெளியில் போடுவதற்கென்று வரும் கறுப்பு உறைக் கேபிளாக இருக்க வேண்டும், வீட்டுக்குள் போடும் சாம்பல் நிற உறை நம் வெயிலுக்கு வெடித்து விடும். பிவிசி குழாய்க்குள் விட்டுப் புதைத்தால் மண்வெட்டிக்கும் எலிக்கும் தப்பும். கடையில் கேபிள் எடுக்கும்போது ஒரு துண்டைச் சீவி, உள்ளே இருக்கும் கம்பியின் நுனியை பிளேட்டால் சுரண்டிப் பாருங்கள். உள்ளேயும் செம்பு நிறமாக இருந்தால் நல்லது, வெள்ளியாக மினுங்கினால் அது செம்பு பூசிய அலுமினியம், இந்தத் தூரத்துக்கு வேண்டாம்.

ஆனால் வன்னியில் கேபிளுக்கு ஒரு பெரிய எதிரி இருக்கிறது: மின்னல். சித்திரையிலும், பிறகு ஐப்பசி கார்த்திகையிலும் பின்னேரத்தில் இடிக்கும் இடி உங்களுக்குத் தெரியும். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே செம்புக் கம்பி நீளமாகக் கிடந்தால், பக்கத்தில் எங்கோ விழும் மின்னலே அதில் மின்னழுத்தத்தைத் தூண்டி இரண்டு முனையிலும் உள்ள கருவிகளை எரித்து விடும், நேரடியாக விழ வேண்டும் என்பதில்லை. அதனால் வெட்டவெளிக் காணிகளுக்கு நான் கூடுதலாகச் சொல்வது பாலம்தான். ரீபீ-லிங்க் சிபிஈ210, சிபிஈ510 போன்ற வெளிப்புறக் கருவிகள் இரண்டு எடுத்து, ஒன்றை வீட்டுக் கூரை ஓரத்தில் ஒரு ஜிஐ பைப்பிலும் மற்றதைக் கொட்டிலிலும் நேருக்கு நேர் பார்க்க வைத்துப் பூட்டுவது. 210 என்பது 2.4 கிகாஹேர்ட்ஸ், 9 டிபிஐ. 510 என்பது 5 கிகாஹேர்ட்ஸ், 13 டிபிஐ. இரண்டுமே கிலோமீற்றர் கணக்குக்குச் செய்தவை, இருநூறு அடி அவற்றுக்கு ஒன்றுமே இல்லை. ஒன்றின் இடத்தில் நின்று பார்த்தால் மற்றது கண்ணுக்குத் தெரிய வேண்டும், அதுதான் ஒரே நிபந்தனை. இடையில் தென்னோலை ஆடினால் உயரத்தை மாற்றுங்கள். பாலம் போட்டாலும் இடி நேரத்தில் கருவிகளின் பிளக்கைக் கழற்றி வைக்கும் பழக்கத்தை விட வேண்டாம்.

கொட்டிலில் வைப்பதற்குப் புதிய ரவுட்டர் தேவையில்லை, பெட்டிக்குள் தூங்கும் பழையது போதும். அதை லப்ரொப்பில் இணைத்து, செற்றிங் பக்கத்தில் அக்சஸ் பொயின்ற் மோட் என்று இருந்தால் அதைத் தெரிவு செய்யுங்கள், வேலை முடிந்தது. இல்லாவிட்டால், வீட்டு ரவுட்டரின் முகவரி 192.168.1.1 என்றால் பழையதின் முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள், டிஎச்சிபி (DHCP, கருவிகளுக்குத் தானாக முகவரி கொடுப்பது) என்பதை நிறுத்துங்கள், வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் வீட்டில் உள்ளது போலவே வையுங்கள், சனல் மட்டும் வேறாக இருக்கட்டும், வீட்டில் 1 என்றால் இங்கே 11. கடைசியாக, வரும் கேபிளை லேன் துளையில் குத்துங்கள், வான் (WAN) என்று எழுதிய துளையில் குத்த வேண்டாம். பலர் தவறுவது இந்த இடத்தில்தான். இப்படிச் செய்தால் போன் வீட்டிலிருந்து கொட்டிலுக்குப் போகும்போது தானாகவே மாறிக்கொள்ளும். கமராவும் மலிவானவற்றில் பெரும்பாலானவை 2.4 கிகாஹேர்ட்ஸ் மட்டும்தான் பிடிக்கும், பழைய ரவுட்டருக்கு அது பொருத்தமே.

கேள்வி: அண்ணா, நான் ஒட்டுசுட்டான் பக்கம், உயர்தரம் படிக்கிறேன். எங்கள் வீட்டில் 4ஜி ரவுட்டர். வைஃபை எல்லா அறையிலும் முழுதாகக் காட்டுகிறது, ஆனால் சூம் வகுப்பு நடுவில் நின்று நின்று வருகிறது. அப்பா நெடுந்தூர ரவுட்டர் வாங்கித் தருகிறேன் என்கிறார்.

தங்கச்சி, அப்பாவைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். உங்கள் வீட்டுக்குள் வைஃபையில் குறை இல்லை, குறை போன் கம்பனியின் ரவருக்கும் ரவுட்டருக்கும் இடையில். வைஃபை கோடு காட்டுவது போனுக்கும் ரவுட்டருக்கும் உள்ள தொடர்பை மட்டும்தான். ரவுட்டரின் செற்றிங் பக்கத்தைத் திறந்து ஆர்எஸ்ஆர்பி (RSRP) என்ற எண்ணைத் தேடுங்கள், ரவரின் சிக்னல் எவ்வளவு பலமாக வருகிறது என்பதைச் சொல்வது அது. அது கழித்தல் எண்ணாக இருக்கும். -80 அளவில் இருந்தால் நல்லது, -100 பலவீனம், -110க்குக் கீழே போனால் வகுப்பு நடத்த முடியாது. ரவுட்டரை அறை அறையாக, ஜன்னல் ஜன்னலாக எடுத்துப் போய் ஒவ்வொரு இடத்திலும் ஒரு நிமிடம் வைத்து அந்த எண்ணை எழுதிக்கொண்டு வாருங்கள். தகரக் கூரை வீடென்றால் ரவர் இருக்கும் திசை ஜன்னலடியில் பத்துப் பதினைந்து கூடி நிற்பதைக் காண்பீர்கள், -105 இருந்தது -92 ஆகும். அது பெரிய மாற்றம், காசும் செலவில்லை.

அதுவும் போதாவிட்டால், ரவுட்டரின் பின்னால் வெளி அன்ரெனா குத்தும் துளைகள் இருக்கின்றனவா பாருங்கள். இருந்தால் கூரைக்கு மேலே ரவரைப் பார்த்து அன்ரெனா பூட்டலாம். 4ஜிக்கு இரண்டு துளைக்கும் இரண்டு கம்பி வேண்டும், ஒன்று மட்டும் போட்டால் வேகம் குறையும். கேபிளை எவ்வளவு குட்டையாக வைக்க முடியுமோ அவ்வளவு நல்லது, நீளக் கேபிள் அன்ரெனா தேடிக் கொடுத்ததை எல்லாம் தின்று விடும். இன்னும் நல்ல வழி, கூரையிலேயே பூட்டும் வெளிப்புற 4ஜி கருவி. அதிலிருந்து வீட்டுக்குள் வருவது லேன் கேபிள் என்பதால் இந்த இழப்பு இல்லை.

வாங்கும் முன் ஒரு சோதனை கட்டாயம். விடிய ஐந்து மணிக்கு வேகத்தைப் பாருங்கள், இரவு எட்டு மணிக்கும் பாருங்கள். ஆர்எஸ்ஆர்பி இரண்டு நேரமும் ஒன்றாக இருந்து, காலையில் வேகமாகவும் இரவில் மந்தமாகவும் இருந்தால், அந்த ரவரில் ஆட்கள் கூடிவிட்டார்கள் என்று அர்த்தம். அதற்கு எந்த அன்ரெனாவும் மருந்தில்லை. வேறு நிறுவனத்தின் சிம்மை ஒரு போனில் போட்டு அதே நேரத்தில் சோதித்து, நன்றாக இருந்தால் அதற்கு மாறுவதே வழி. அப்பாவின் காசு வீணாகக் கூடாது, அதனால்தான் இவ்வளவு நீளமாகச் சொல்கிறேன்.

கேள்வி: ரவுட்டர் பெட்டியில் ஏசி1200 (AC1200) என்று போட்டிருக்கிறது. 1200 வேகம் வருமா? 2.4, 5 இரண்டில் எதைப் பாவிப்பது? (மாங்குளம்)

வராது. 2.4 கிகாஹேர்ட்ஸில் 300, 5 கிகாஹேர்ட்ஸில் 867, இரண்டையும் கூட்டி மேலே தள்ளி எழுதிய எண் அது. ஒரு போன் ஒரு நேரத்தில் ஒன்றில்தான் நிற்கும், அதுவும் ஆய்வுகூட வேகம். ரவுட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் ரீவி, லப்ரொப் எல்லாம் 5இல் விடுங்கள், முற்றம், கிணற்றடி, கமரா 2.4இல். 2.4இன் சனல் அகலம் 40 என்று இருந்தால் 20 ஆக்குங்கள், வேகம் கொஞ்சம் குறையும், தூரத்தில் பிடிப்பு கூடும். ரவுட்டரை ரீவிக்குப் பின்னாலும் இரும்பு அலுமாரி மேலேயும் வைக்க வேண்டாம், நெஞ்சு உயரத்துக்கு மேல், வீட்டு நடுவில்.

கேள்வி: கறண்ட் போனால் இணையமும் போகிறது. பெரிய யு.பி.எஸ். வாங்க வசதியில்லை. (முள்ளியவளை)

தேவையும் இல்லை. ரவுட்டரின் அடப்டரில் பெரும்பாலும் 12 வோல்ட், 1 அம்பியர் என்று எழுதியிருக்கும், உண்மையில் அது இழுப்பது அதைவிடக் குறைவு. அதற்கென்றே சின்ன டிசி யு.பி.எஸ். வருகிறது. 8800 எம்ஏஎச் என்று போட்டது, உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் பற்றரிக் கணக்கில் 32 வாற்-மணி அளவு, எட்டு வாற் இழுக்கும் ரவுட்டரை மூன்று மணித்தியாலம் தாங்கலாம். பைபர் என்றால் சுவரில் இருக்கும் பைபர் பெட்டி தனியாக இருக்கிறதா பாருங்கள், அதற்கும் கறண்ட் வேண்டும், இரண்டு வெளியீடு உள்ளதாக வாங்குங்கள். வோல்ட் அளவு பொருந்தாமல் மாறிக் குத்தினால் ரவுட்டர் போய்விடும்.

கேள்வி: சுவர் பிளக்கில் குத்தும் எக்ஸ்ரெண்டர் மலிவாக வருகிறது. அது சரிவருமா? (துணுக்காய்)

அறைக்கு அறை சரிவரும், வளவுக்கு வராது. சிக்னல் இல்லாத இடத்தில் குத்தினால் அது பெருக்குவதற்கு ஒன்றும் இருக்காது, பாதி வழியில் குத்துங்கள். ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்பும் வகை வேகத்தைப் பாதியாக்கும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

கேள்வி: கனடாவில் இருந்து மச்சான் வரும்போது ஒரு நல்ல ரவுட்டர் கொண்டு வருகிறேன் என்கிறார். எதைச் சொல்வது? (பரந்தன்)

வைஃபை ரவுட்டர் மட்டும் என்றால் கொண்டு வரலாம், ஆனால் அடப்டரில் 100-240 வோல்ட் என்று இருக்கிறதா என்று அங்கேயே பார்க்கச் சொல்லுங்கள். 120 மட்டும் என்றால் நம் 230இல் குத்திய உடனே எரியும். அங்குள்ள இணைய நிறுவனம் கொடுத்த மோடம் இங்கே உதவாது, 4ஜி ரவுட்டரும் வேண்டாம், வட அமெரிக்க அலைவரிசைகள் வேறு, இங்கே 4ஜிக்கு முக்கியமான 1800 மெகாஹேர்ட்ஸ் அதில் இல்லாமல் இருக்கலாம். இங்கே தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி பெற்ற மாதிரியா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், கிளிநொச்சியில் உத்தரவாதத்தோடு வாங்குவது லேசு, பழுதானால் கொண்டு போய்க் கொடுக்க ஒரு கடை இருக்கும். மச்சானிடம் முழுச் செம்பில் செய்த வெளிப்புற கேபிள் ஒரு சுருள் கேளுங்கள்.