இருபதாம் லெவலில் ஞானம் கொடுக்கலாமா?

கேள்வி: ஐயா, நான் காட்பாடியில் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். சனிக்கிழமை இரவுகளில் சத்துவாச்சாரியில் ஒரு நண்பன் வீட்டு மொட்டை மாடியில் ஆறு பேர் உட்கார்ந்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுவோம்; ஆளுக்கொரு கேரக்டராகி, டைஸ் உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டம். கதையை நடத்தும் டிஎம் நான்தான். உலகமும் என் கற்பனைதான்: பாலாறு வற்றாமல் ஓடுகிற, கோட்டை அகழியை நாகங்கள் காவல் காக்கிற ஒரு வேலூர். ஒரு தோழி அதில் பிக்குணியாக, அதாவது பௌத்தப் பெண் துறவியாக ஆடுகிறாள். ஞானம் அடைவதுதான் தன் கேரக்டரின் லட்சியம் என்கிறாள். ஆட்டத்தின் உச்சமான இருபதாம் லெவலில் ஞானம் என்று வைத்து, சாகாத உடல், பறக்கும் சக்தி, எல்லா மந்திரங்களிலிருந்தும் காப்பு என்று கொடுக்க நினைத்தேன். மற்றவர்கள் "அப்ப நாங்க எதுக்கு?" என்கிறார்கள். இன்னொரு நண்பன் வீட்டில் தாத்தா காலத்திலிருந்தே பௌத்தர்கள். அவன் "எங்க வீட்டு விஷயத்தை நீ பவர் ஆக்கிட்ட" என்று சொல்லிவிட்டு இரண்டு வாரமாக வரவில்லை. என்ன செய்யலாம்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், காட்பாடி)

பதில்: தம்பி, உங்கள் கடிதம் வரும்வரை இந்த விளையாட்டை நான் பார்த்ததுகூட இல்லை. பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டு விளக்கச் சொன்னேன். இருபது முகம் உள்ள ஒரு டைஸை என் உள்ளங்கையில் வைத்தான். நான் உருட்டியதெல்லாம் வைகுண்ட ஏகாதசி இரவு கண் விழிக்கப் பரமபதம் ஆடியபோது பித்தளைத் தாயக்கட்டைதான். ஆனால் அவன் எக்ஸ்பி (அனுபவப் புள்ளி), லெவல் என்று சொல்லச் சொல்லப் பிடிபட்டுவிட்டது. அங்கேயும் ஏணி, இங்கேயும் ஏணி. உங்கள் சிக்கல் அந்த ஏணியில்தான் இருக்கிறது.

(புத்தர் இந்த மாதிரி ஆட்டங்களை ஆடமாட்டார் என்பது வேறு கதை. அவர் தவிர்த்தவை என்று பிரம்மஜால சுத்தத்தில் (சுத்தம் என்றால் பாலி மொழியில் உள்ள புத்தர் உரை) ஒரு நீண்ட பட்டியலே உண்டு. எட்டு வரிசைப் பலகை, பத்து வரிசைப் பலகை, பகடை எல்லாம் அதில் வருகின்றன. இதை அந்த நண்பனிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம்.)

உங்கள் ஆட்டத்தில் லெவல் ஏறினால் கேரக்டரின் திறமைகளை எழுதிவைக்கும் ஷீட்டில் ஏதாவது சேரும். பாலி நூல்களைப் பின்பற்றும் தேரவாத பௌத்தத்தில் ஒருவர் எவ்வளவு தூரம் வந்திருக்கிறார் என்பதை, அவரை விட்டு எது கழன்றது என்று பார்த்துத்தான் சொல்வார்கள். மொத்தம் பத்துத் தளைகள். 'நான்' என்று நிலையாக ஒன்று இருக்கிறது என்ற எண்ணம், வழியின் மேல் சந்தேகம், சடங்கும் நோன்பும் கரையேற்றிவிடும் என்ற பிடிப்பு. இந்த மூன்றும் கழன்றவர் சோதாபன்னர், ஓடையில் இறங்கியவர். அதிகம் போனால் இன்னும் ஏழு பிறவி. நான்காவதும் ஐந்தாவதும் புலனாசையும் வன்மமும். அவை தளர்ந்தால் ஒரே ஒரு முறை இங்கே திரும்பி வருவார், அடியோடு போனால் திரும்பவே மாட்டார். கடைசி ஐந்து நுணுக்கமானவை: உருவ உலகத்தின் மேல் ஆசை, அருவ உலகத்தின் மேல் ஆசை, தருக்கு, மனத்தின் அலைச்சல், பேதைமை. இவையும் போனால் அருகர், முழுதும் விடுபட்டவர்.

இதை அப்படியே ஆட்டத்துக்குள் கொண்டுவாருங்கள். முதல் நாளே கேரக்டர் ஷீட்டின் ஓரத்தில் பத்துத் தளைகளையும் பென்சிலால் எழுதச் சொல்லுங்கள். பிக்குணிக்கு மட்டுமில்லை, வாள் வீரனுக்கும் திருடனுக்கும் சேர்த்துத்தான். ஒவ்வொரு தளையும் டிஎம் கையில் ஒரு பிடி. தருக்கு என்று எழுதியிருக்கும்வரை, அகழி நாகம் "உன்னை மாதிரி வீரனைப் பார்த்ததே இல்லை" என்று சொன்னால் வீரன் டைஸ் உருட்டியாக வேண்டும். தோற்றால் நாகத்தின் பின்னால் போவான். தருக்கு அழிந்த பிறகு நாகம் எவ்வளவு புகழ்ந்தாலும் உருட்ட வேண்டிய அவசியமே இல்லை, பிடித்து இழுக்க ஒன்றும் இல்லையே. ஆசை காட்டியும் பயமுறுத்தியும் வழியை மறிக்கிற மாரனைக் கடைசி வில்லனாக வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பழைய சுத்தங்களில் அவனை யாரும் வாளால் வெட்டுவதில்லை. "மாரா, உன்னை எனக்குத் தெரியும்" என்றதும் முகம் வாடி மறைந்துவிடுகிறான்.

சாகாத உடலை மட்டும் கொடுக்காதீர்கள். அங்குலிமாலன் கொலைகாரக் கொள்ளைக்காரன், பிறகு அருகரானவன். அதற்குப் பிறகும் பிச்சைக்குப் போன இடத்தில் கல்லடி வாங்கினான். மண்டை உடைந்து, பிச்சை ஓடு நொறுங்கி, ரத்தம் சொட்டச் சொட்டத் திரும்பி வந்தவனிடம் புத்தர் "பொறுத்துக்கொள்" என்றுதான் சொன்னார். உங்கள் பிக்குணிக்கும் அடி விழும், உயிரைக் கணக்கிடும் ஹிட் பாயின்ட் குறையும். "அப்ப நாங்க எதுக்கு" என்று கேட்டவர்களுக்கு இதிலேயே பதில் இருக்கிறது. முதல் மூன்று தளை போனவர் ஐந்து சீலங்களை மீறமாட்டார் என்பது மரபு, அதில் முதலாவது கொல்லாமை. பாதி ஆட்டத்தில் உங்கள் பிக்குணி ஒரு கோப்ளினைக்கூட, அந்தக் குட்டி அரக்கனைக்கூடக் கொல்ல முடியாதவளாகிவிடுவாள். அவளைக் காப்பாற்ற ஆள் வேண்டாமா? தவிர, அங்குலிமாலன் கணக்கைப் பார்த்தால் அவளை முந்திக்கொண்டு அந்தத் திருடன்கூடப் போகலாம்.

பறக்கும் சக்தி? அது இருக்கலாம், ஆனால் ஞானத்தோடு முடிச்சுப் போடாதீர்கள். தேவதத்தனுக்கும் சித்திகள் இருந்தன, ஆனால் அவன் புத்தரையே கொல்லப் பார்த்தவன். இன்னொன்று சொல்கிறேன். ராஜகிருகத்தில் ஒரு பணக்காரர் சந்தனக் கட்டையில் பிச்சை ஓடு கடைந்து, உயரமான மூங்கிலில் கட்டித் தொங்கவிட்டு, "அருகராக இருந்தால் எடுத்துக்கொள்ளட்டும்" என்றார். பிண்டோல பாரத்வாஜர் எழும்பிப் பறந்து அதை எடுத்து, ஊரை மூன்று சுற்றுச் சுற்றினார். கீழே கூட்டம் ஆர்ப்பரித்தது. புத்தர் கூப்பிட்டுக் கண்டித்தார், இனி யாரும் சித்தியை ஊருக்குக் காட்டக் கூடாது என்று விதி போட்டார், அந்த ஓட்டை உடைத்துக் கண் மையில் கலக்கப் பொடி பண்ணச் சொன்னார். அருமையான மேஜிக் ஐட்டம், பொடியாகிப் போச்சு! உங்கள் மேசையில் அப்படி ஒன்று நடக்கட்டும். இன்னொரு விதியும் வைக்கலாம்: அடையாத நிலையை அடைந்துவிட்டதாகப் பொய் சொல்லும் பிக்கு சங்கத்தை விட்டே போக வேண்டும். தளை அழிந்ததை டிஎம் சொல்லட்டும். ஆடுகிறவர் தானாக அறிவித்தால் செல்லாது.

உங்கள் உலகத்தில் தெய்வங்கள் இருந்தால் இருக்கட்டும், எடுக்க வேண்டாம். ஆனால் அவர்களுக்கும் சாவு உண்டு, தெரியாத விஷயமும் உண்டு. கேவத்த சுத்தத்தில் ஒரு பிக்கு, நிலம், நீர், தீ, காற்று என்ற நான்கு பூதங்கள் எங்கே மிச்சமில்லாமல் ஒடுங்கும் என்று தேவர் உலகம் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போய் மகாபிரம்மாவிடம் நிற்கிறார். பிரம்மா சபையில் தன் பெருமையையே இரண்டு முறை சொல்லிவிட்டு, அப்புறம் அவர் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போய், "எனக்கும் தெரியாது, இவர்கள் முன்னால் சொல்ல முடியவில்லை, நீ புத்தரிடமே போய்க் கேள்" என்கிறார். இதைவிட நல்ல காட்சி நான் எழுதித் தர முடியாது.

மடாலயம் எங்கே வைப்பது என்று யோசிப்பீர்கள். காட்பாடிப் பக்கம் வள்ளிமலை இருக்கிறதே என்று தோன்றும். அங்கே பாறையில் உட்கார்ந்திருப்பவர்கள் சமணத் தீர்த்தங்கரர்கள், கங்க மன்னன் இராசமல்லன் காலத்தவை. புத்தர் என்று நினைத்து நம் ஆட்களே கும்பிட்டுவிட்டு வருகிறார்கள். காஞ்சிக்குப் போங்கள். மணிமேகலை தன் குரு அறவண அடிகளிடம் கடைசியாகப் பௌத்த தருமம் கேட்டது அங்கேதான்.

மணிமேகலையை ஒருமுறை உங்கள் கண்ணோடு படித்துப் பாருங்கள். வானில் பறக்க ஒரு மந்திரம், உருமாற ஒன்று, பசி தணிய ஒன்று, எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபி. எல்லாம் காப்பியத்தின் முன்பகுதியிலேயே அவள் கைக்கு வந்துவிடுகின்றன. முப்பதாவது காதையில் பறப்பதும் இல்லை, உருமாறுவதும் இல்லை. பேதைமையில் தொடங்கி வினைப்பயன் வரை பன்னிரண்டு சார்புகளை அடிகள் சொல்ல அவள் உட்கார்ந்து கேட்கிறாள், பிறகு நோற்கிறாள். அடைந்தாளா என்று சாத்தனார் சொல்லவில்லை.

அந்த நண்பன் விஷயம். அவன் சொன்னது சரிதான், உங்கள் இருபதாம் லெவல் திட்டம் அவன் வீட்டு விஷயத்தைப் பவராக்கித்தான் வைத்திருந்தது. போன் வேண்டாம், நேரில் போங்கள். ஆட்டத்துக்குத் திரும்பி வா என்று கூப்பிடாமல், பத்துத் தளை எழுதிய தாளை நீட்டி, "இதில் தப்பு இருக்கா பாரு" என்று கேளுங்கள். அவன் தாத்தா இருந்தால் அவரிடமும் காட்டுங்கள். பெரியவர் ஒன்றிரண்டு சொல்லை மாற்றுவார், மாற்றட்டும். ஆட வர மாட்டேன் என்று அவன் சொன்னால் அதோடு விட்டுவிடுங்கள். வருகிறேன் என்றால் மகாபிரம்மா வேஷத்தை அவனுக்குக் கொடுங்கள்.