பேய் வந்தால் சிரிப்பு ஏன்?

கேள்வி: மதுரையில் செகண்ட் ஷோவில் ஒரு சின்ன பட்ஜெட் பேய்ப் படம் பார்த்தேன். பேய் வந்தபோதெல்லாம் தியேட்டரே சிரித்தது. உங்கள் விமர்சகரோ 'இந்தச் செலவில் நல்ல மிரட்டல்' என்று எழுதியிருக்கிறார். யாரை நம்புவது?
– ஒரு வாசகர், திருமங்கலம்

பதில்: சிரித்தார்கள் என்கிறீர்கள், எப்போது சிரித்தார்கள் என்று சொல்லவில்லையே! திடுக்கிட்ட மறு நொடியில் வரும் சிரிப்பு, அடக்கி வைத்த மூச்சு வெளியேறுவது. படம் பலித்தது என்று அர்த்தம். பேய் வருவதற்கு முன்பே சிரித்தால்தான் தோல்வி. காலி மூலைக்குக் கேமரா நகர்வதும் பின்னணி இசை ஏறுவதும் இரண்டு முறை நடந்துவிட்டால், மூன்றாவது முறை பேய்க்கு முன்னால் விசில் வந்துவிடும்.

இன்னொன்று, தியேட்டரின் பங்கு. படத்தின் ஒலியை மிக்ஸ் செய்யும்போது, தியேட்டரில் ஃபேடர், அதாவது ஒலியைக் கூட்டிக் குறைக்கும் கருவி, 7-இல் இருக்கும் என்ற கணக்கில்தான் அமைக்கிறார்கள். சத்தம் அதிகம் என்று புகார் வந்தால் ஆபரேட்டர் 5-க்கோ அதற்கும் கீழோ இறக்கிவிடுவார். சண்டைப் படம் அதைத் தாங்கும். பேய்ப் படத்துக்கு உயிரே போய்விடும். கதவுக்கு அப்பால் கால் தேய்க்கும் ஓசை, மூச்சு, தொலைவில் சொட்டும் தண்ணீர் எல்லாம் ஏசி இரைச்சலில் அமுங்கிவிடும். மிஞ்சுவது அலறல் மட்டும். பயம் ஏறாத இடத்தில் அலறினால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும். வெளிச்சமும் அப்படியே. திரையில் வெளிச்சம் 14 ஃபுட்-லாம்பர்ட் (திரையின் பிரகாசத்தை அளக்கும் அலகு) இருக்க வேண்டும். புரொஜெக்டர் பல்ப் பழசாகி அது பாதியானால், டார்ச் ஒளியில் எடுத்த காட்சி வெறும் கறுப்பாகத்தான் தெரியும்.

அதற்காக எங்கள் விமர்சகர் எழுதியதும் சரியில்லை. 'இந்தச் செலவில்' என்ற சலுகையை நான் ஏற்கமாட்டேன். உங்களுக்கு டிக்கெட்டில் யாரும் தள்ளுபடி தரவில்லை. காசில்லாததால் கிராஃபிக்ஸ் மட்டமாக இருக்கலாம், ஒப்புக்கொள்கிறேன். பேயைக் காட்டாமல் வைத்திருக்கக் காசு வேண்டாமே! மதுரைக்காரர் கார்த்திக் சுப்பராஜ் 2012-இல் 'பீட்சா'வில் ஒரு பங்களா, ஓர் ஆள், ஒரு டார்ச் இவற்றை வைத்தே நெடுநேரம் நம்மைக் கட்டிப்போட்டார். 'பாராநார்மல் ஆக்டிவிட்டி' என்ற அமெரிக்கப் பேய்ப் படத்தை இயக்குநர் ஓரன் பெலி தன் வீட்டிலேயே சுமார் 15,000 டாலரில் எடுத்தார். இரவுக் காட்சிகளில் கேமரா அசையாது. நம் கண்தான் அறைக் கதவைத் தேடி அலையும்.

எதிர்பார்ப்பையும் மறந்துவிடாதீர்கள். 2018-இல் 'ஹெரெடிட்டரி' என்ற அமெரிக்கப் பேய்ப் படத்தை விமர்சகர்கள் கொண்டாடினார்கள். தியேட்டர் வாசலில் ரசிகர்களிடம் மதிப்பெண் வாங்கும் அமெரிக்காவின் சினிமாஸ்கோர் அதற்குக் கொடுத்தது 'டி பிளஸ்' என்ற மட்டமான மதிப்பெண். திடுக்கிடும் படம் என்று நம்பிப் போனவர்களுக்கு, மெல்ல நெரிக்கும் குடும்பத் துயரம் கிடைத்தது. நம் ஊரில் பேய்ப் படம் என்றாலே பாதி காமெடி என்று பழகிவிட்டோம். சிரிக்கத் தயாராக வந்து உட்கார்ந்தவரைப் பயமுறுத்த முதல் 20 நிமிடம் மிக முக்கியம். நீங்கள் பார்த்த படம் அந்த 20 நிமிடத்தையும் காதல் பாட்டுக்குக் கொடுத்துவிட்டது. விமர்சகர் அதை எழுதியிருக்க வேண்டும்.

அடுத்த முறை நடு வரிசைக்குச் சற்றுப் பின்னால் உட்காருங்கள். வசனமே காதில் விழவில்லை என்றால் இடைவேளை வரை பொறுக்காமல் மேனேஜரிடம் போய், ஃபேடர் எத்தனையில் இருக்கிறது என்று எண்ணைக் கேளுங்கள்.