தகரக் கூரையும் படப் பலகையும்: வாசகர் கேள்விகள்

மகனுக்கு ஏழு வயது, ஓட்டிசம். பேச்சு வரவில்லை. படத்தைத் தொட்டால் குரல் கொடுக்கும் ஆப் ஒன்றைப் போனில் போடச் சொல்கிறாள் தங்கச்சி. அது பழகினால் வாய் திறக்கவே மாட்டான் என்கிறார் மாமியார்.
– ஒரு தாய், பொகவந்தலாவை

மாமியாரின் பயம் பல வீடுகளில் இருப்பதுதான். ஆனால் ஆய்வுகளில் தெரிந்தது வேறு. படமோ ஆப்போ பழகியதால் பிள்ளைகளின் பேச்சு குறையவில்லை. சிலருக்குக் கொஞ்சம் கூடியும் இருக்கிறது. தயங்காமல் கொடுங்கள்.

சென்னையில் உருவான ஆவாஸ் ஆப்பில் தமிழ் உண்டு, ஆனால் காசு கட்ட வேண்டும். எந்த ஆப் என்றாலும், வாங்குமுன் போனை ஃப்ளைட் மோடில் போட்டு ஓடுகிறதா என்று பாருங்கள். நம் பக்கத்து சிக்னலை நம்ப முடியாதே! அப்புறம், சொற்களை உங்கள் வீட்டுக்கு ஏற்ப மாற்றுங்கள். அவன் கேட்பது ரொட்டியும் தேத்தண்ணியும் என்றால் அங்கே இட்லிப் படம் இருந்து என்ன பயன்? உங்கள் அடுப்படி ரொட்டியையே போட்டோ எடுத்துப் போடுங்கள்.

இன்னொன்று, இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். நீங்கள் அவனோடு பேசும்போதும் அந்தப் படங்களைத் தொட்டுக்கொண்டே பேச வேண்டும், மாதக்கணக்கில். மற்றப் பிள்ளைகள் நம் பேச்சைக் கேட்டுக் கேட்டுத்தானே பேசப் பழகுகிறார்கள்? மாமியாரையும் தொடச் சொல்லுங்கள்.

பேச்சு வராத பிள்ளைக்கு ஆப் போட்டுக் கொடுக்க எங்கள் தோட்டப் பாடசாலையில் டேப்லெட் வாங்க வழியில்லை.
– ஓர் ஆசிரியை, வட்டவளை

டேப்லெட் இல்லாமலே தொடங்கலாம், டீச்சர். பட அட்டையைக் கொடுத்து வேண்டியதைக் கேட்கும் முறை 1985இல் அமெரிக்காவில் உருவானது. அப்போது யாரிடம் டேப்லெட் இருந்தது? ஸ்பெயினில் உருவான அராசாக் படத் தொகுப்பை இலவசமாக இறக்கலாம். பிரின்ட் எடுத்து லெமினேட் செய்துகொள்ளுங்கள்.

பிள்ளை உயிராய் விரும்பும் ஒரு பொருளின் அட்டையோடு தொடங்குங்கள். அவன் அட்டையை உங்கள் கையில் வைத்ததும் பொருளைக் கொடுத்துவிடுங்கள், கேள்வி கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். அது பழகிய பிறகு ‘போதும்’, ‘கழிப்பறை’ எல்லாம் வரட்டும்.

ஒரு பாடசாலைக்கு நான் செய்து கொடுத்த அட்டைகளை, தொலைந்துவிடும் என்று அலுமாரியில் பூட்டி வைத்திருந்தார்கள். அடுக்கு கலையாமல் அப்படியே இருந்தன! தொலைந்தால் தொலையட்டும், இன்னொன்று பிரின்ட் போடலாம். அட்டைதான் அவனுக்கு வாய். அது மைதானத்துக்கும் போக வேண்டும், லயத்து வீட்டுக்கும் போக வேண்டும்.

மகளுக்கு ஓட்டிசம். மழை தொடங்கினால் காதைப் பொத்திக்கொண்டு வகுப்பை விட்டு ஓடுகிறாள். அடம் என்கிறார்கள்.
– ஒரு தந்தை, கினிகத்தேனை

அடம் இல்லை. ஒரே மண்டபத்தில் நாலு வகுப்பு, மேலே தகரம், அதன்மேல் ஆனி ஆடி மழை. எனக்கே தலை வலிக்கும். மெஷின் வேலைக்காரர்கள் மாட்டும் காதுக் கவசம் ஹாட்வெயார் கடையில் கிடைக்கும். சத்தத்தை 20 டெசிபல் அளவில் குறைக்கும். தலைக்குச் சரியாகப் பொருந்த வேண்டும். நாள் முழுக்க வேண்டாம், மழைக்கு மட்டும் போதும். மாட்டுவதும் கழற்றுவதும் அவள் கையாலேயே நடக்கட்டும்.

ஓட்டிசம் உள்ள பிள்ளைக்குச் சாதாரண தரப் பரீட்சையில் கூடுதல் நேரம் கேட்கலாமா?
– பண்டாரவளை

கேட்கலாம். மருத்துவ அறிக்கையோடு அதிபர் மூலமாக, விண்ணப்பிக்கும்போதே கேளுங்கள். பரீட்சை நெருங்கியபின் ஓடினால் நடக்காது.