ஒரே வாரத்தில் எடுத்த இரண்டு எக்கோவில் இ பிரைம் ஏன் மாறுகிறது?

அண்ணாச்சி, அம்பாசமுத்திரத்தில் எடுத்த எக்கோவில் (இதய ஸ்கேன்) அம்மாவின் இ பிரைம், அதாவது இதயம் தளர்ந்து விரியும்போது அதன் தசை அசையும் வேகம், 5, பாளையங்கோட்டையில் 9, எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டையும் நம்பலாம். நீங்கள் போட்ட படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: முதல் ரிப்போர்ட்டில் 'செப்டல்', அடுத்ததில் 'லேட்டரல்' என்று இருக்கிறது. இதயத்தின் இடப்பக்க அறைகள் இரண்டுக்கும் நடுவே இருக்கிற மைட்ரல் வால்வு வளையத்தின் இரண்டு ஓரங்கள் அவை; செப்டல் நடுச்சுவர்ப் பக்கம், லேட்டரல் வெளிப்பக்கம். லேட்டரல் ஓரம் இயல்பாகவே வேகமாக அசையும். செப்டலில் 7, லேட்டரலில் வினாடிக்கு 10 செ.மீ., இதற்குக் கீழே என்றால் குறைவு. அம்மாவுக்கு இரண்டுமே குறைவுதான். வயசு ஏற ஏறக் குறையவும் செய்யும்.

ஒன்றிரண்டு புள்ளி வித்தியாசத்துக்குக் கோணமும் காரணமாகலாம். தசை அசையும் அதே கோட்டில் ஸ்கேனின் ஒலி அலை போகணும். 60 டிகிரி விலகினால் பாதி வேகம்தான் காட்டும். இடப்பக்கம் சரித்துப் படுக்கவைத்து, மூச்சை விட்டு நிறுத்தச் சொல்வது நல்ல படம் கிடைக்கத்தான். அவசரமாக எடுத்தால் இதெல்லாம் எங்கே!

சரி, இ அலை, அதாவது மைட்ரல் வால்வு திறந்ததும் ரத்தம் பாயும் வேகம், இரண்டிலும் 70. இ பிரைம் சராசரி 7. வகுத்தால் 10 வருகிறது. 14-ஐத் தாண்டினால்தான் இதயத்துக்குள் அழுத்தம் கூடியிருக்கிறது என்று பலமாகச் சந்தேகிப்பார்கள். ஆனாலும் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்கிறீர்களே, இந்த ஒரு எண்ணை வைத்து விட்டுவிடாதீர்கள். இடது ஏட்ரியத்தின் (மேலறை) அளவு, ட்ரைகஸ்பிட் (வலப்பக்க வால்வு) கசிவின் வேகம் இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லி இதய மருத்துவரிடம் கேளுங்கள்.