ஒரே நேரத்தில் குழாயைத் திறந்தாலும் தெருக்கடைசி வீட்டுக்குக் குடிநீர் ஏன் வருவதில்லை?

சேலம் புறநகரில், குறிப்பாகக் கன்னங்குறிச்சி போன்ற மலையடிவாரப் பகுதிகளில் தெருக்கடைசியிலும் மேட்டிலும் இருக்கும் வீடுகளின் பாடு இது. காரணம் நீர் அழுத்தம், அதாவது மேல்நிலைத் தொட்டியின் உயரம் தண்ணீரைத் தள்ளும் விசை. 10 மீட்டர் உயரம் இருந்தால் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோ. வழியிலுள்ள இணைப்புகளும் குழாய்ச் சுவரின் உரசலும் அதைத் தின்றுவிடும். துளை போட்ட டியூபில் செடிக்குத் தண்ணீர் விட்டால் முதல் துளை பீய்ச்சும், கடைசித் துளை சொட்டும், அதே கதைதான்.

குழாயின் விட்டம் பாதியானால், அதே அளவு நீருக்கு உரசல் இழப்பு சுமார் 30 மடங்கு. செலவை மிச்சப்படுத்தச் சின்ன குழாய் பதித்த தெருக்கள் தவிப்பது இதனால்தான்.

முதல் வீட்டிலும் கடைசி வீட்டிலும் ஒரே நேரத்தில் 10 லிட்டர் வாளி நிரம்பும் நேரத்தைக் குறியுங்கள். வித்தியாசம் அதிகமென்றால், முன்தெரு வால்வைக் கொஞ்சம் குறைக்கவும், முட்டுக்குழாயை (மறுமுனை மூடியபடி தெருக்கடைசியில் முடியும் குழாயை) அடுத்த தெருக் குழாயோடு இணைக்கவும் உள்ளாட்சி அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். வீட்டில் சாலை மட்டத்துக்குக் கீழே சம்ப் கட்டி, நிரம்பியதும் தானே மூடும் மிதவை வால்வு வைத்தால் 1 மீட்டர் தாழ்வும் உதவும்.

குழாயில் நேரடியாக மோட்டார் வைத்தால் தண்ணீர் கூடும் என்பது தவறு: அது பக்கத்து வீட்டுப் பங்கை இழுக்கும், கசியும் இணைப்பு வழியே சாக்கடை நீரையும் சேர்த்து உறிஞ்சும்.